காருக்கு 'கோல்டு ஏர் இன்டேக்' மாட்டலாமா? செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. இன்ஜினுக்குள் 55 டிகிரிக்குப் பதில் 35 டிகிரி காற்று போனால், அதன் அடர்த்தி சுமார் 6% கூடும். பானெட்டுக்கு வெளியே இருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய்தான் 'கோல்டு ஏர் இன்டேக்'.

எல்லா காருக்கும் தேவையா?

இல்லை. இப்போதைய கார்கள் பெரும்பாலும் முன்பக்க கிரில் அருகிலிருந்தே காற்றை எடுக்கின்றன. புதுசா மாட்டினால் சத்தம்தான் அதிகம் கேட்கும், பவர் பெரிதாகக் கூடாது. வாரண்டியிலும் சிக்கல் வரலாம்.

குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

* அழுக்கான ஏர் ஃபில்டரை மாத்துங்க.
* காற்றுக்குழாயில் விரிசல் இருக்கா, கழன்றிருக்கா பாருங்க.
* ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை இறுக்கமா மாட்டுங்க.

மேனாம்பேடுக்காரர்கள் கவனிக்க!

குழாயின் வாயை பம்பருக்குக் கீழே இறக்கினால் காற்றோடு மழைத்தண்ணீரும் உள்ளே போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பக்கத்திலுள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டையே வெள்ளக்காடானது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'இன்ஜின் புரொடெக்ஷன்' சேர்க்காத இன்சூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.

தண்ணீரில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.