ஆடாதவர்களுக்கும் ஏறிய சர்க்கரை

"சர்க்கரை பார்டரில் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்கிறார் டாக்டர். கவலைப்பட்டால் ஏறுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஏறும். ஆனால் 'மனஅமைதி' ஆப் விற்பவர்கள் பயமுறுத்தும் அளவுக்கு அல்ல.

வரலாறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்காக ஒரு பத்தி. 1913-ல் ஹார்வர்டின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் 25 பேரின் சிறுநீரை, சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை. அதில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை, மாற்று ஆட்டக்காரர்களாகப் பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள். பதிவு செய்தவர் உடலியலாளர் வால்டர் கேனன். போதும்.

கல்லீரலைக் கல்யாண வீட்டு உக்கிராணக்காரர் என்று வையுங்கள். "மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு!" என்று அட்ரினலின் கத்தினால், இருக்கிற லட்டையெல்லாம் எடுத்து வெளியே வைக்கிறார். கார்டிசால் என்ற பெரியப்பா சும்மா இருப்பதில்லை. "இன்னும் ரெண்டு பஸ் வருது" என்று சொல்லிச் சொல்லி, புதிதாக லட்டு பிடிக்க வைக்கிறார். கடலைமாவு தீர்ந்தால் பந்தலைப் பிரித்தாவது பிடிப்பார். தசைப் புரதத்தை உடைத்துக் கல்லீரல் சர்க்கரை செய்வது அப்படித்தான். "போதும், நிறுத்து" என்று சொல்லவேண்டியது இன்சுலின். பார்டர்காரர்களின் உக்கிராணக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அலுவலகக் கவலைக்கோ ஓடவும் வேண்டாம், சண்டையிடவும் வேண்டாம். பஸ்ஸில் யாரும் வரவில்லை, லட்டு மட்டும் கூடத்தில் குவிகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் தசைதான். நடக்கும்போது சுருங்கும் தசை, இன்சுலினின் உத்தரவுக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வாரம் 150 நிமிட நடையையும் 7 சதவீத எடைக்குறைப்பையும் இலக்காக வைத்தது. நீரிழிவுக்கு மாறும் அபாயம் 58 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31தான். அதன் 16 பாடங்களில் மனஅழுத்தத்தைச் சமாளிப்பது, எதிர்மறை எண்ணத்துக்குப் பதில் சொல்வது, வழுக்கி விழுந்தால் எழுவது எல்லாம் உண்டு. அந்தப் பாடங்கள் மட்டும் எத்தனை சதவீதம் குறைத்தன என்று பிரிக்க முடியாது. நடையை நான்காவது வாரத்திலேயே கைவிடாமல் இருக்க உதவுவதே அவற்றின் வேலை என்பது என் ஊகம். 2006-ல் சென்னையின் ஏ. ராமச்சந்திரன் குழு வெளியிட்ட ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அங்கே பங்கேற்றவர்களைப் போனில் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே யாராவது மனநலப் பயிற்சி விற்க வந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதில் நடை உண்டா? நான் வராத வாரம் யார் கூப்பிட்டுக் கேட்பார்கள்?