கதவைப் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது

அப்பாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் நின்றுபோவது அவருடைய வெளி நடமாட்டம்தான். சாயங்காலக் கோயில், டீக்கடைப் பேச்சு, ரேஷன் கடை, கல்யாண வீடு என எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். வழி தவறிவிடுவாரோ, நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்தில் கதவைப் பூட்டும்போது, நோய் இன்னும் பறிக்காததை நாமே பறித்துவிடுகிறோம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியாவுக்கு மிகப் பெரிய காரணம் அல்சைமர்.

முடங்கினால் என்ன ஆகும்?

நடக்காத காலில் தசை கரையும், உடல் தள்ளாடும். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி எழுந்து நடப்பதே பெரும்பாடு. பகலெல்லாம் கட்டிலில் கிடப்பவருக்கு இரவில் தூக்கம் வராது. அவரோடு சேர்ந்து வீடும் விழித்திருக்கும். பேச ஆளில்லாமல் போனால் மனச்சோர்வு வரும், குழப்பம் கூடும். நடைப்பயிற்சி அல்சைமரைக் குணப்படுத்தாது. ஆனால் உடல் பலத்தையும் தூக்கத்தையும் மனநிலையையும் காக்க உதவும்.

சட்டம் தரும் உரிமை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைக் கடுமையாகப் பாதித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் கோளாறையும் மனநோய்க்கான தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. சமூகத்தில் வாழவும், அதன் அங்கமாக இருக்கவும், ஒதுக்கப்படாமல் இருக்கவும் அத்தகைய கோளாறு உள்ளவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை எழுதிவைக்கவும், தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் இதே சட்டம் வழிசெய்கிறது. தெளிவாக முடிவெடுக்க முடிகிற ஆரம்பக் கட்டத்திலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

மூத்த குடிமக்களை நிர்க்கதியாகக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்டு, தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக அவ்வளவும் வேண்டாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்குங்கள். பழகிய தெரு, ஒரே நேரம், கூட ஒருவர், பின்பட்டை வைத்த செருப்பு. பொழுது சாயும் நேரத்தில் பலருக்குக் குழப்பம் கூடும் என்பதால் காலை நடையே நல்லது. கண்ணாடியும் காது மிஷினும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காது கேட்காதவர் தானாகவே பேச்சிலிருந்து ஒதுங்கிக்கொள்வார்.

நேற்று நடந்தது மறந்தாலும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். மகளின் பெயர் சட்டென்று வராத அம்மாவின் மடியில் மல்லிகையைக் கொட்டிப் பாருங்கள். இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். கோலம், கீரை ஆய்வது, துணி மடிப்பது, பழைய பாட்டு என எது கைவருமோ அதைக் கொடுங்கள். சரியாக வரவில்லை என்று திருத்த வேண்டாம்.

பார்க்க வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "பெரியப்பா, நான் உங்க தம்பி மகன் குமார், மதுரையிலிருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். பெயர் தெரியாத வெட்கம் விலகினாலே பேச்சு வரும். கூட்டமாகப் போகாமல் ஒருவர் இருவராகப் போங்கள்.

வழி தவறினால்

பெயரும் குடும்பத்தாரின் கைபேசி எண்ணும் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள், அல்லது கையில் வளையமாகப் போட்டுவிடுங்கள். சமீபத்திய புகைப்படம் ஒன்று கைவசம் இருக்கட்டும். தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், பக்கத்து வீட்டார் ஆகியோரிடம் நோயைப் பற்றிச் சொல்லிவையுங்கள். மறைக்க இதில் அவமானம் எதுவுமில்லை. காணவில்லை என்றால் உடனே 112-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கான 14416, கவனித்துக் களைத்துப்போன மனைவிக்கும் மருமகளுக்கும் சேர்த்துத்தான். ஒருவர் தலையிலேயே எல்லாப் பாரமும் விழும் வீட்டில்தான் கதவு சீக்கிரம் பூட்டப்படுகிறது. அதனால் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் நடைக்குத் துணைபோகும் நாட்களை இந்த வாரமே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.