டீஸல் கணக்கில் பிசகு வேண்டாம்

சூளகிரியிலிருந்து தக்காளியும் கொத்தமல்லியும் ஒரே வண்டியில் சேர்த்துப் பெங்களூருக்கு அனுப்பும் அங்கத்தினர்கள் டீஸல் செலவைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். கணக்குப் பிசகினால் பணத்தோடு நல்லுறவும் கெடும்.

டீஸல் முள் தொட்டியிலுள்ள மிதவையின் உயரத்தையே காட்டுகிறது. மேலுமலை ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் முள்ளும் மாறக்கூடும். அதை எச்சரிக்கையாகக் கொள்ளலாமேயன்றிக் கணக்காகக் கொள்ளலாகாது. கைப்பேசிச் செயலியோ நாம் பதியும் எண்களையே வகுத்துச் சொல்லும்.

ஆதலின் தொட்டியை நிரப்பி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. மறுமுறையும் அதே பம்பில், குழாய் தானே நிற்கும்வரை நிரப்புக. இடையே 480 கிலோமீட்டர் ஓடி, 40 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12 ஆகும். எட்டு லிட்டர் குறைய நிரப்பி, 32 எனப் பதிந்தால் செயலி 15 என்று காட்டி மகிழ்விக்கும். அடுத்த முறை குட்டு வெளிப்படும். நாலைந்து நிரப்புகளைச் சேர்த்துச் சராசரி காண்பதே நேரிது.

பம்பின் அளவில் ஐயமெழுந்தால், அங்குள்ள முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டுமாறு கேட்பது நம் உரிமை. வித்தியாசம் 25 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது.

பங்கிடும் வேளையில் முள்ளைச் சாட்சிக்கு அழையாமல், குறிப்பேட்டையும் ரசீதுகளையும் யாவரும் காண விரித்து வைப்போமாக!