தண்ணியைக் குறைச்சா பூ... கூட்டினா முள்! மொட்டை மாடியில் காகிதப்பூ போன்சாய்

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு காம்பவுண்ட் சுவரில் காகிதப்பூ தொங்கும். பெரும்பாலும் அதுக்கு யாரும் உரம் வைக்கிறதில்லை. தண்ணீர்கூட தனியா ஊத்துறதில்லை. சித்திரை வெயிலில் ரோடு கொதிக்கும்போது அது மட்டும் இலையே தெரியாம பூத்துக் கிடக்கும். அதே செடியை நர்சரியில் வாங்கிட்டு வந்து, குட்டி போன்சாய் ஆக்கலாம்னு அழகான தொட்டியில வெச்சு, காலையும் மாலையும் தண்ணீர் விடுறீங்க. இலை வருது, கூடவே முள் வருது. பூ மட்டும் காணோம்!

அந்தச் செடியில் ஒரு கிளையைப் பிடிச்சு, இலைக்காம்பு தண்டோடு சேர்கிற கணுவைப் பாருங்க. முள் வர்றதும் அங்கேதான், பூங்கொத்து வர்றதும் அங்கேதான். தாவரவியல்படி இரண்டுமே ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள். காகிதப்பூ அடிப்படையில் பக்கத்து மரத்தைப் பிடித்து மேலே ஏறுகிற கொடி. அந்த முள்தான் அதுக்குக் கொக்கி. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் ஏறுகிற வேலையிலேயே மும்முரமாகிவிடும். மண் காய்ந்து, கொஞ்சம் கஷ்டம் தெரிய ஆரம்பித்தால்தான் பூக்கிற பக்கம் திரும்பும். ஆக, உங்க செடிக்கு நோய் எதுவும் இல்லை. நீங்க ரொம்பப் பாசமா இருக்கீங்க, அவ்ளோதான்.

இன்னொன்று. நாம் பூ என்று சொல்கிற அந்த ரோஸ் கலர் காகிதம், பூவே இல்லை. அது நிறம் மாறிய இலை. மூன்று இலைகளுக்கு நடுவே வெள்ளையாக, சின்னக் குழல் மாதிரி இருக்கிறதே, அதுதான் உண்மையான பூ.

செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1766-ல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பயணத்தின் தலைவர் லூயி அந்துவான் தெ போகன்வில். அதில் போன தாவரவியலாளர் பிலிபெர் கொமெர்சோன், 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரையே வைத்தார். கொமெர்சோனின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரேதான், உலகைச் சுற்றிவந்ததாக நாம் அறிகிற முதல் பெண். (அவர் கதையை வைத்துத் தனி வெப் சீரிஸே எடுக்கலாம்!) 1860 வாக்கில் செடி கல்கத்தாவுக்கு வந்தது. ஒரே செடியில் வெள்ளையும் மெஜந்தாவும் சேர்ந்து பூக்கிற 'மேரி பாமர்' ரகம் 1949-ல் அதே கல்கத்தாவில் உருவானதுதான்.

எதை வாங்குவது?

கலரைப் பார்த்து வாங்காதீங்க, அடித்தண்டைப் பார்த்து வாங்குங்க. போன்சாயில் பார்ப்பவரை நம்ப வைப்பது அடிமரத்தின் பருமன்தான். தொட்டியில் வைத்த பிறகு தண்டு பருக்கப் பல வருடங்கள் ஆகும். அதனால், நர்சரியின் மூலையில் யாரும் வாங்காமல் கோணல்மாணலாக நிற்கிற பழைய செடி இருந்தால், அதுதான் உங்க செடி. சின்ன இலை, அடிக்கடி பூக்கிற குணம் வேண்டுமென்றால் 'கிளாப்ரா' வகையைக் கேளுங்க. பழைய வீட்டை இடிக்கும்போதும் சுவர் ஓரத்துக் காகிதப்பூவை வேரோடு பிடுங்கிப் போடுவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டுப் பருமன் உள்ள கட்டையை வெட்டி நட்டால்கூட வேர்பிடிக்கிற செடி இது. நான்குவழிச் சாலையின் நடுவில் நிற்கிறதில் மட்டும் கைவைக்க வேண்டாம்!

போன்சாயில் இலை ஓரளவு சிறுக்கும், வண்ணக் காகிதம் அந்த அளவுக்குச் சிறுக்காது. அதனால் உள்ளங்கை அளவில் செய்தால் பூவும் மரமும் பொருந்தாமல் நிற்கும். ஒரு அடி, ஒன்றரை அடி உயரம்தான் இதுக்கு அழகு.

மண் விஷயத்தில் ஒரு பிரச்னை. பல வீடியோக்களில் 'ஒரு பங்கு ஆற்று மணல்' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நெல்லைக்காரர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து ஆர்.நல்லகண்ணு தொடர்ந்த வழக்கில், 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதித்தது. ஒரு சட்டி மணலால் ஆறு வற்றிவிடாது என்பது உண்மைதான். ஆனால், இந்தச் செடிக்கு ஆற்று மணல் தேவையே இல்லை. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, அதில் பாதி, செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்ந்து மீதி. இதுவே போதும்.

தொட்டிக்கு காருகுறிச்சி இருக்கே! நாதஸ்வரத்துக்குப் பேர்போன அதே ஊர், மண்பாண்டத்துக்கும் பேர்போனது. நாலு விரல்கட்டை ஆழத்தில் அகலச் சட்டி கேளுங்க. சூளையில் வைக்கிறதுக்கு முன்னாடியே அடியில் இரண்டு பெரிய ஓட்டை போட்டுத் தரச் சொல்லுங்க. சுட்ட சட்டியில் டிரில்லை வெச்சா விரிசல் விடும்.

வளைப்பதும் வெட்டுவதும்

முற்றிய கிளையை வளைக்கப் பார்த்தால் 'டக்'குனு முறியும். இந்த மரம் அப்படி. பச்சை நிறம் மாறி, லேசாகப் பழுப்பேறத் தொடங்கிய இளங்கிளைதான் பதம். அலுமினியக் கம்பியைச் சுருளாகச் சுற்றி மெதுவாக வளையுங்கள். இந்த ஊர் வெயிலில் கிளை சீக்கிரம் பருக்கும். வாரம் ஒருமுறை பாருங்க, கம்பி பட்டையை அழுத்தத் தொடங்கினால் உடனே வெட்டி எடுத்துடுங்க. சுற்றிக் கழற்றினால் கிளை முறியும்.

தடித்த கிளையை வெட்டும்போது தண்டோடு ஒட்ட வெட்டக் கூடாது. காகிதப்பூ மரம் மென்மையானது, வெட்டிய இடம் எளிதில் மூடாது, தண்ணீர் இறங்கினால் உள்ளே மக்கிப்போகும். ஒரு அங்குலம் விட்டு வெட்டி, அது காய்ந்த பிறகு மிச்சத்தைச் சீவுங்கள்.

பூ புதுத் தளிரில்தான் வரும். இதை மறந்து, மொட்டு வைக்கிற நேரத்தில் 'ஷேப்' பண்றேன்னு கத்தரியை எடுத்தா அந்த சீஸன் அவ்ளோதான். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும், ஒவ்வொரு கிளையிலும் இரண்டு, மூன்று கணு விட்டு வெட்டி, உரம் கொடுங்கள். தளிர் கொஞ்சம் நீண்டதும் தண்ணீரைக் குறையுங்கள்.

எவ்வளவு குறைப்பது? இங்கேதான் பலரும் செடியைப் பறிகொடுக்கிறார்கள். தரையில் நிற்கிற செடி வாரக்கணக்கில் தாங்கும். நாலு விரல்கட்டை மண்ணில் நிற்கிற போன்சாய் தாங்காது. இலை லேசாகத் தொய்கிற நேரத்துக்குக் காத்திருந்து, அப்போது அடி ஓட்டை வழியாக வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள். மார்கழி, தை மாதத்தில் இது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நடக்கும். அக்னி நட்சத்திரத்தில் காலையில் ஊற்றினால் மாலையிலேயே தொய்யும். அந்த நாள்களில் பட்டினி போடும் பரிசோதனையே வேண்டாம், தினமும் ஊற்றுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வரவேற்பறை டீப்பாய் மேல் வைக்கிற செடி இல்லை இது. விருந்தாளி வரும்போது ஒருநாள் உள்ளே வைத்து போட்டோ எடுத்துக்கலாம்.

போர்வெல் தண்ணீரை மட்டுமே ஊற்றினால், உப்பு சேர்ந்து இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியலாம். இரும்புச்சத்து செடிக்குள் போகவில்லை என்று அர்த்தம். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரையோ மழை நீரையோ மாற்றி ஊற்றிப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து ஐப்பசி, கார்த்திகையில். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தொடர் மழை என்றால் ஒரு பக்கம் செங்கல் வைத்துத் தொட்டியைச் சாய்த்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்ததுபோல ஒரு மழை வந்தால் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல்!) வீட்டைக் காப்பாற்றுவதா, செடியைப் பார்ப்பதா என்றாகிவிடும். அதனால் எச்சரிக்கை வந்த அன்றே மாடிப்படிக்குக் கீழே இறக்கிடுங்க. நான்கைந்து நாள் இருட்டில் இருந்தால் இலை கொட்டும், திரும்பத் துளிர்க்கும். வேர் அழுகினால் திரும்பாது.

இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டும். கோடைப் பூ முடிந்து, சாரல் மேகம் வெயிலைத் தணிக்கும் ஜூன் மாதம் அதுக்குத் தோது. வேர் மெல்லியது, பிடுங்காதீங்க. மண்ணோடு எடுத்து, வெளிச்சுற்றை மட்டும் கத்தரித்து, புது மண்ணில் வைத்து, இரண்டு வாரம் நிழலில் விடுங்கள். அப்புறம் ஆடிக் காற்று இருக்கிறதே, அதில் அம்மியே பறக்குமாம்! மண் மாற்றிய செடியை இரண்டு கயிறு போட்டுத் தொட்டியோடு கட்டி, தொட்டியை மாடிச் சுவரோரம் தரையில் இறக்கி வையுங்கள்.