முடங்கிய கணினியும் முடங்காத மகிழ்ச்சியும்

இன்று நம் நாட்டின் பல வீடுகளில் கணினியும் குடும்பத்தில் ஓர் உறுப்பினர்தான். ஆனால் அது பெரும்பாலும் வயது முதிர்ந்த உறுப்பினர். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, சில வாரங்களிலேயே 300 ரூபாவைக் கடந்தது. புதுக் கணினி வாங்கும் எண்ணத்தை அன்று பல குடும்பங்கள் ஒத்திவைத்தன. நானாவோ ராத்தாவோ படித்த காலத்தில் வாங்கிய கணினியே இன்றும் தம்பி, தங்கையரின் பாடங்களுக்கும், வாப்பாவின் கணக்குகளுக்கும், வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் முகம் பார்ப்பதற்கும் உதவி வருகிறது. அது ஒருநாள் நின்றுவிட்டால் வீடே நின்றுவிட்டது போலாகிவிடும். நாளை செயற்றிட்ட அறிக்கை ஒப்படைக்க வேண்டும் என்றால் சொல்லவே வேண்டாம்.

இத்தொல்லைகளுக்கு நடுவில் அன்றாட மகிழ்ச்சியைக் காண முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. பழுதைக் கொண்டாட வேண்டும் என்று நான் கூறவில்லை. பழுது ஏன் வந்தது என்று விளங்கிக்கொண்டால் பயம் குறைகிறது. பயம் குறைந்தால் சிரிக்கவும் சேர்ந்திருக்கவும் மனம் வருகிறது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

தூசியும் சூடும்

கணினியைத் தொடக்கிய சிறிது நேரத்தில் விசிறி இரைகிறது. வேலைகள் ஆமை வேகத்தில் நடக்கின்றன. உடனே வைரஸ் என்று முடிவு கட்டுவோர் பலர். பல வேளைகளில் காரணம் வெறும் தூசிதான். செயலி வேலை செய்யும்போது சூடாகும். அச்சூட்டை வெளியேற்றுவதற்காக அதன்மேல் மெல்லிய உலோகத் தகடுகளும் ஒரு விசிறியும் பொருத்தப்பட்டுள்ளன. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டால் சூடு வெளியேறாது. அப்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடு எல்லை மீறினால் கணினி அணைந்துவிடும்.

மின் இணைப்பைக் கழற்றிய பின், பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை அகற்றலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் இது இப்போது விடுமுறைக் கால வேலை. தம்பி டோர்ச் பிடிப்பான்; நான் தூரிகை பிடிப்பேன்; உம்மா தேநீரோடு தூர நின்று பார்ப்பார். கடந்த முறை உள்ளேயிருந்து ஓர் எறும்புக் கூட்டமும் பல்லி முட்டை ஓடுகளும் வெளிவந்தன. "வாடக குடுக்காம இவ்வளவு நாளும் இருந்தீக்கிறாங்க" என்றான் தம்பி.

இப்படிப்பட்ட விருந்தாளி கணினி வரலாற்றிலும் உண்டு. 1947 செப்டெம்பர் 9 அன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணினி பழுதானபோது, அதனுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. கணினியின் வழுவைப் பூச்சி எனப் பொருள்படும் 'பக்' என்ற சொல்லால் குறிப்பது அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. உண்மையான பூச்சியே கிடைத்ததும், அவர்கள் அதைப் பதிவேட்டில் ஒட்டி வேடிக்கையாகக் குறிப்பும் எழுதி வைத்தார்கள். பெரிய ஆய்வுகூடத்தில் வேலை தடைப்பட்ட நேரத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது!

மணிக்கூடு பின்னால் போனால்

கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்து வருவது, தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற ஒரு சிறிய பற்றரி ஆகும். பெரும்பாலும் அதன்மேல் சீ.ஆர். 2032 என்று பொறிக்கப்பட்டிருக்கும். 20 என்பது அதன் விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், 32 என்பது அதன் தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். இந்தப் பற்றரி தளர்ந்துவிட்டால் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி அந்த எல்லைக்குள் அடங்காவிட்டால், இணைப்பு பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வரும். நாமோ காரணம் அறியாமல் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எங்கள் கணினி ஒருநாள் 2009 என்று காட்டியது. "அப்ப நான் இன்னம் பொறக்கல்ல, எனக்குப் பாடம் இல்ல" என்று தம்பி புத்தகத்தை மூடிவிட்டு ஓடினான். பற்றரியை மாற்றியதும் அவன் மறுபடியும் பிறந்து பாடத்துக்கு வரவேண்டியதாயிற்று.

எழுத்து மாறிய கட்டுரை

தமிழில் தட்டச்சுச் செய்யும் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமே தெரியும். கட்டுரை அழிந்துவிட்டது என்று பலர் பதறிவிடுகின்றனர். உண்மையில் அது அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீண்டுவிடும். யுனிகோட் முறையிலோ தமிழ் எழுத்துகளுக்கென்று தனி எண்கள் உள்ளன. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. ஆகவே யுனிகோடில் எழுதினால் இத்தொல்லை இல்லை. ராத்தா பாடசாலை நாட்களில் எழுதிய கட்டுரை ஒன்று குழப்பத்திலிருந்து வரிவரியாகத் தமிழாகி வந்ததைப் பார்த்தபோது, புதையல் எடுத்தது போலிருந்தது.

மின்சாரம் போகும் வேளை

நாம் தட்டச்சுச் செய்வது முதலில் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே தங்குகிறது. மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு நினைவு இருக்கும். சேமித்தால்தான் எழுதியது வன்தட்டுக்குச் செல்லும். எனவே ஒவ்வொரு பந்தி முடிவிலும் கொன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்துவது நல்ல பழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்தொகுதியைத் தொட்டதே காரணம் எனக் கூறப்பட்டது. ஹார்வர்டுக்கு ஓர் அந்துப்பூச்சி என்றால் நமக்கு ஒரு குரங்கு!

திரை இருண்டதும் எல்லோரும் முற்றத்துக்கு வருவோம். பாய் விரியும், அடுத்த வீட்டாரின் குரலும் வேலி தாண்டி வந்து சேரும்.

வன்தட்டு கைவிட்டால்

எல்லாப் பழுதும் சிரிப்போடு முடிவதில்லை. பழைய வகை வன்தட்டுக்குள் வட்டத்தகடுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. தரவை வாசிக்கும் முனை, தகட்டைத் தொடாமல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. காலப்போக்கில் இப்பாகங்கள் தேய்கின்றன. 'டிக், டிக்' என்ற வழக்கமில்லாத ஒலி கேட்டால் கணினியை மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்க்காமல் நிறுத்திவிட்டு, விடயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் வன்தட்டு பழுதானபோது, திருத்துபவர் ஒரு கிழமை முயன்று பெரும்பாலான படங்களை மீட்டுத் தந்தார். மௌத்தாகிப்போன உம்மும்மா கதை சொல்லும் ஒலிப்பதிவு மட்டும் மீளவில்லை. அன்று உம்மா அழுதார். அந்தக் குரலுக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் அடுத்த மின்வெட்டு இரவில் உம்மாவும் சாச்சியும் அதே கதையைத் தாமே சொல்லத் தொடங்கினர். கிணற்றில் விழுந்தது நரி என்றார் உம்மா. இல்லை, விழுந்தது முயல், எட்டிப் பார்த்ததுதான் நரி என்றார் சாச்சி. மின்சாரம் வந்த பின்னரும் வாதம் முடியவில்லை. இரண்டு கதைகளையும் நான் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். இருவரின் குரலையும் பதிவு செய்திருக்கிறேன். இம்முறை மூன்று பிரதிகள்: கணினியில் ஒன்று, பென்ட்ரைவில் ஒன்று, சாச்சியின் வீட்டில் ஒன்று. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்பது கணினித் துறையில் நன்கறிந்த விதியாகும்.

நாம் செய்யக்கூடியது

கணினி பழுதானால் நானாவைக் கூப்பிடு என்பதே பல வீடுகளில் வழக்கம். நானா இல்லாத நேரத்தில் என்ன செய்வது? தூசி தட்டவும், பற்றரி மாற்றவும், பிரதி எடுக்கவும் நம்மாலும் முடியும். நம் கையால் மூடிய பெட்டி மறுபடியும் இயங்கி, திரையில் வெளிச்சம் வரும் அந்த நொடியின் சந்தோஷத்தை அனுபவித்தவர்களே அறிவர். நம்மால் முடியாத பழுதென்றால், தெரிந்தவரிடம் கொடுக்கும்போது அருகிலிருந்து காரணத்தைக் கேட்டறிவோம்.

ஆகவே, தோழியரே, அடுத்த முறை உங்கள் வீட்டுக் கணினி நின்றால் திட்டுவதற்கு முன் வீட்டாரைக் கூப்பிடுங்கள். ஒருவர் டோர்ச் பிடிக்கட்டும், ஒருவர் தேநீர் ஊற்றட்டும். ஸ்குரூ ட்ரைவரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.