வேட்டையும் வளர்ந்த பிள்ளைகளும்

வளர்ந்த பிள்ளைகளோடு கூடாரமடித்துத் தங்கி வேட்டையாட விரும்பும் தந்தையர் அதன் சட்டங்களையும் அறிந்திருத்தல் அவசியமாகும். அல்லாஹ்வின் பெயர் கூறி உணவுக்காக வேட்டையாடுவது ஹலாலாகும். ஆனால், உயிருள்ளவற்றை வெறும் இலக்காக நிறுத்தி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நம் நாட்டிலோ மான், மரை போன்றவற்றை வேட்டையாடுவது சட்டப்படி குற்றமாகும். எனவே தூண்டிலோடு கடற்கரைக்குச் செல்லுங்கள்! கடல் வேட்டையை இஹ்ராமிலும்கூட அல்லாஹ் ஆகுமாக்கியுள்ளான் (அல்குர்ஆன் 5:96).

இஸ்மாயீல் (அலை) அவர்கள் ஸம்ஸம் அருகே அம்பு சீவிக்கொண்டிருந்த வேளை, தந்தை இப்றாஹீம் (அலை) அவர்களைக் கண்டதும் எழுந்து வரவேற்றார்கள். இறையில்லம் எழுப்ப வந்த தந்தையோ, மகனின் உதவியைக் கேட்டுப் பெற்றார்கள் என ஸஹீஹுல் புகாரி கூறுகின்றது. பெற்றோரே! வளர்ந்த பிள்ளையை அதட்டி அழைக்காதீர்கள், கேட்டு அழையுங்கள். பிள்ளைகளே! தந்தை அழைத்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்திருங்கள்.