புடவையை விரித்துப் பார்க்கலாம்... பிள்ளைப் பருவத்தை?



வாரம் தவறாமல் இந்தப் பகுதியில் வரும் உங்கள் கடிதங்களைப் படிப்பவள் நான். 'குழந்தைகளோடு வீட்டில் இருப்பதே பெரிய சந்தோஷம்' என்று யாராவது எழுதியிருந்தால், முன்பெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். 'இவங்க வீட்ல வேலைக்கு ஆள் இருக்கும் போல' என்று நினைத்துக் கொண்டு பக்கத்தைத் திருப்பி விடுவேன். இன்று அதைப் பற்றி நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் இப்போதும் வேலைக்கு ஆள் கிடையாது!

எங்களுக்கு ஊர் செய்யார். என் வீட்டுக்காரர் ஆரணிப் பட்டு நெய்கிறவர். வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. பெண் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பையனுக்கு மூன்றரை வயது. கூடவே மாமியார். தறி இருக்கிற வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமையல், துணி, பாத்திரம் என்று எல்லா வீட்டிலும் இருக்கிற வேலை போக, நூலுக்குத் தார் சுற்றுவது, அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பது என்று அதுவும் நம் கைக்குத்தான் வரும். புடவையை அறுத்துக் கொண்டு போய்க் கொடுத்தால்தான் கூலி. புடவை ஒரு நாள் தள்ளிப் போனால், மளிகைக் கடை பாக்கியும் தள்ளிப் போகும்.

அதனால் என் வாயில் நாள் முழுக்க ஒரே வார்த்தைதான். 'சீக்கிரம்!' சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் குளி, சீக்கிரம் தின்னு, சீக்கிரம் தூங்கு. இந்தப் புடவை முடியட்டும், தீபாவளி கழியட்டும், பிள்ளைகள் கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் நிம்மதியாக அவர்களோடு உட்காரலாம் என்று ஒவ்வொன்றையும் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்தேன்.

போன தீபாவளிக்கு முன் நடந்தது இது. அவசரப் புடவை ஒன்று தறியில் இருந்தது. நான் ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தவள், பால் பொங்குகிற வாசனை வந்ததும் உள்ளே ஓடினேன். "தம்பியைப் பார்த்துக்கோடி" என்று பெண்ணிடம் சொல்லி விட்டுத்தான் போனேன். திரும்பி வருவதற்குள் பையன் பட்டு நூலை இழுத்து, ஒரு சிட்டத்தையே சிக்காக்கி வைத்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெண்ணின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கொண்டே நின்றாள். அந்தச் சிக்கை எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சாயந்திரம் திண்ணைப் பக்கம் துணி எடுக்கப் போனேன். பிள்ளைகள் இரண்டும் அம்மா விளையாட்டு விளையாடிக் கொண்டிருந்தார்கள். பெண்தான் அம்மா. பொம்மையை மடியில் போட்டுக் கொண்டு, "ஒரு வேலை உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு? சீக்கிரம் தின்னுட்டுத் தூங்கு. எனக்கு எவ்ளோ வேலை கெடக்கு!" என்று சொல்லிக் கொண்டிருந்தாள். அப்படியே என் குரல்! என் கை ஆட்டம்!

"அக்கா, நான் அம்மாவா இருக்கறேன்" என்றான் பையன்.

"வேணாம்டா. அம்மாவா இருந்தா சிரிக்கக் கூடாது. நீ சிரிச்சிடுவே."

துணியை எடுக்காமலே உள்ளே வந்து விட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் கவனித்து விட்டுக் கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் தறியைக் காட்டி, "நெய்ய நெய்யப் புடவையைப் படமரத்துல சுருட்டிக்கினே போறோம். இருக்கட்டும், அறுக்கற அன்னிக்கு விரிச்சு முழுசா பார்த்துக்கலாம். பிள்ளைங்க விஷயம் அப்படி இல்லம்மா. சுருட்டினது சுருட்டினதுதான். நானும் உன்னை மாதிரிதான் இருந்தேன். உன் வீட்டுக்காரன் சின்னதுல எப்படிச் சிரிப்பான்னு கேட்டா எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

இருபது வருஷமாகத் தறியைப் பார்க்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாளே எல்லாம் மாறி விட்டது என்று சொன்னால் அது பொய். வேலை குறையவில்லை, கூலியும் கூடவில்லை. இருக்கிற வேலைக்குள்ளேயே பிள்ளைகளுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அவ்வளவுதான். நான் செய்து பார்த்ததில் பலன் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் காலை நேரம். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று என் பெண்ணுக்கும் பள்ளியிலேயே கிடைத்தது. அதில் எனக்கு மிச்சமான அரை மணி நேரத்தையும் நான் பாத்திரத்துக்குத்தான் கொடுத்துக் கொண்டிருந்தேன்! இப்போது அதில் பத்து நிமிஷம் அவள் தலைமுடிக்கு. எண்ணெய் வைத்து நிதானமாகப் பின்னும்போது அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, மனசில் இருப்பதெல்லாம் வெளியே வருகிறது. பக்கத்தில் உட்காரும் பெண் பென்சிலை எடுத்துக் கொண்டது, கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் பயந்தது எல்லாமே ஜடை பின்னும்போது எனக்குத் தெரிய வந்தவைதான். எதிரில் உட்கார வைத்துக் 'ஸ்கூல்ல என்ன நடந்தது?' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்றுதான் பதில் வரும்.

அடுத்தது, பிள்ளைகளை வேலையிலிருந்து விரட்டாமல் வேலைக்குள் சேர்த்துக் கொண்டது. வாசலில் நான் கோலம் போடும்போது புள்ளி வைப்பது பெண்ணின் பொறுப்பு. ஏழு புள்ளி ஏழு வரிசை, நேர்ப்புள்ளி. வரிசை கோணினால் கோலமும் கோணும். கோணட்டுமே! தெருவில் போகிறவர்கள் பரிசா கொடுக்கப் போகிறார்கள்? மொச்சை உரிக்கும்போது பையனுக்கு ஒரு கிண்ணம். பத்து உரித்தால் அதில் நான்கு தரையில் ஓடும். பொறுக்குவதும் அவன் வேலைதான். வேலை முன்னை விடக் கொஞ்சம் தாமதமாகத்தான் முடிகிறது. ஆனால் நடுவில் கத்துவதற்கு எழுந்து போகிற நேரம் மிச்சம்.

தறிப் பக்கம் வந்தாலே துரத்திக் கொண்டிருந்த பிள்ளைகளை இப்போது அவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்கிறார். நூலைத் தொடக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழக் கலர், கத்தரிப்பூ என்று எங்கள் பையனுக்கு எழுத்து வருவதற்கு முன்பே நிறம் வந்து விட்டது. ஒருநாள் பாவு நீலம், ஊடை பச்சை. பெண் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்து விட்டு, "அப்பா, இங்கேருந்து பார்த்தா நீலம், அங்கேருந்து பார்த்தா பச்சை. உண்மையா இது என்ன கலர்?" என்று கேட்டாள். "ரெண்டும் சேர்ந்ததுதான் மயில் கழுத்து" என்று சொல்லி, நெடுக்கு இழையும் குறுக்கு இழையும் எப்படிப் பின்னுகிறது என்று அவர் காட்டினார். நாடாவை நிறுத்தி விட்டு அவர் யாரோடாவது பத்து நிமிஷம் பேசி அன்றுதான் பார்த்தேன்.

இனி செல்போன். ஒளிக்காமல் சொல்கிறேன், பையனுக்குச் சோறு ஊட்ட நானேதான் பழக்கினேன். படம் ஓடினால் வாய் தானாகத் திறக்கும். அங்கன்வாடியில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் டீச்சர் ஒரு விஷயம் சொன்னார். ஒரு வயது, இரண்டு வயது ஆகாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவானால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறதாம். என் பையன் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமே இரண்டு மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தான்! நிறுத்தினேன். மூன்று நாள் ஒரே ரகளை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மாமியார் பேரன் இளைத்து விட்டான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார். நான்காம் நாள் பசி வந்து தானே தட்டில் கை வைத்தான். இதில் ஒன்று முக்கியம் சகோதரிகளே, நம் கையிலும் அந்த நேரத்தில் போன் இருக்கக் கூடாது. எனக்கு அதுதான் அவனை நிறுத்தியதை விடக் கஷ்டமாக இருந்தது.

விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஐ.நா. சபை 1989-ல் ஏற்றுக் கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், 31-வது பிரிவில் ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றுக் கொண்டது. 2024 முதல் ஜூன் 11-ம் தேதியை உலக விளையாட்டு நாளாகவும் வைத்திருக்கிறார்கள். பனங்காயை உருட்டி வண்டி ஓட்டிய நமக்கு இதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை வந்து விட்டதே!

பனங்காய் என்றதும் எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வருகிறது. திருவோத்தூர் வேதபுரீஸ்வரர் கோயிலில் தல விருட்சமே பனைதான். திருஞானசம்பந்தர் பதிகம் பாடி, காய்க்காத ஆண் பனைகளைக் காய்க்க வைத்தார் என்பது வரலாறு. எங்கள் வீட்டில் அமாவாசை அன்று தறியில் ஏற மாட்டார். முன்பு அந்த நாளில் சேர்ந்து போன வேலையை எல்லாம் நான் இழுத்துப் போட்டுக் கொள்வேன். இப்போது சாயந்திரம் கோயிலுக்கும் ஆற்றுக்கும் போகிறோம். செலவு என்று பார்த்தால் ஒரு பொட்டலம் கடலை.

ஜவ்வாது மலையில் பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிற எங்கள் ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான். 2021 நவம்பர் மழையில் கரை கொள்ளாமல் ஓடியதைப் பார்த்திருக்கிறோம். நாங்கள் போன அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் ஊற்றுத் தோண்டுகிறேன் என்று முழங்கை ஆழம் தோண்டினார்கள். தண்ணீர் வரவில்லை, ஈர மணல்தான் வந்தது. அதற்கே அத்தனை கூச்சல்!

"இந்த ஆத்தை யாரும்மா செஞ்சாங்க?" என்று கேட்டாள் பெண். எங்கள் பக்கத்தில் சொல்கிற கதையைச் சொன்னேன். குழந்தை முருகன் விளையாடுவதற்காக அம்பாள் உண்டாக்கிய ஆறு. சேய்க்காக வந்ததால் சேயாறு, அதுவே செய்யாறு ஆயிற்று. உடனே மாமியார், "வாழைப்பந்தல் பக்கம் வேற மாதிரி சொல்லுவாங்க. அம்பாள் மணல்ல லிங்கம் பிடிக்கத் தண்ணி இல்லாம நின்னப்ப, முருகன்தான் வேலை எறிஞ்சு அம்மாவுக்கு ஆத்தை வரவழைச்சானாம்" என்றார்.

பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ அம்மா குழந்தைக்குக் குடுத்ததா, குழந்தை அம்மாவுக்குக் குடுத்ததா?"

"ரெண்டும்தான்" என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. பிள்ளைகளுக்கு நாம் மட்டும்தான் கொடுத்துக் கொண்டே இருக்கிறோம் என்ற நினைப்பில்தான் நான் அத்தனை நாளும் களைத்துப் போயிருந்தேன்.

இன்றும் நான் கத்தாத நாள் இல்லை. கூலி தாமதமாகிற வாரத்தில் நிச்சயம் கத்துவேன். ஆனால் கை ஓங்குவதை விட்டு விட்டேன். கத்தி விட்டால், கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய், "அம்மா கத்தினது தப்புடா, அம்மாவுக்கு வேற கவலை" என்று சொல்லி விடுகிறேன். பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது அவர்களும் பொருளை உடைத்தால் ஒளித்து வைப்பதில்லை, கையில் எடுத்துக் கொண்டு நேராக என்னிடம் வருகிறார்கள்.

போன வாரம் துணி எடுக்கப் போனேன். திண்ணையில் மறுபடியும் அம்மா விளையாட்டு. இந்தத் தடவை என் முந்தானையைச் சுற்றிக் கொண்டு பையன்தான் அம்மா. பொம்மைக்குச் சோறு ஊட்டிக் கொண்டே கெக்கெக்கே என்று சிரித்துக் கொண்டிருந்தான். அக்கா அவனைத் தடுக்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் அம்மா விளையாட்டு விளையாடுவார்கள். ஒருநாள் சத்தம் போடாமல் நின்று கேட்டுப் பாருங்களேன்!

— ஒரு நெசவாளர் வீட்டு இல்லத்தரசி, செய்யார்.